நீ கேட்ட ஊசி

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மூங்கில் ஊசி ஒரு செட், கம்பளி நூல் பத்து உருண்டை, ஊசிகளை வைக்கத் தனிப் பை, இன்னும் என்னென்னவோ. "பின்னக் கத்துக்கப் போறேம்மா, இதெல்லாம் வாங்கிடவா?" என்று கேட்டிருக்கிறாய். என் நூல் உருண்டையைப் பந்தாக உதைத்து, கட்டில் கால்களையெல்லாம் சுற்றி வைத்த பிள்ளையா இப்படிக் கேட்கிறது! சந்தோஷத்தில் எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. ஆனாலும் ஒன்றும் வாங்காதே. இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வருகிறது. அதைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்துகொள்.

பெட்டியில் இருக்கும் எதுவுமே புதிது இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஊசிக்கட்டு, வீட்டைக் காலி செய்த ஒரு பெரியம்மாவிடமிருந்து வந்தது. கண் தெரியவில்லை, இனிப் பின்ன முடியாது என்று கொடுத்துவிட்டார். ஊசித் தலையில் எட்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதே. பழைய பிரிட்டிஷ் கணக்கில் எட்டாம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் அதே எட்டு 5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் தடிக்கும். இது தெரியாமல் நான் பின்னிய முதல் ஸ்வெட்டருக்குள் உன் அப்பாவோடு இன்னொரு ஆளும் நுழையலாம். அதனால்தான் ஓட்டை போட்ட அந்தத் தகட்டையும் வைத்திருக்கிறேன். எந்த ஓட்டையில் ஊசி சரியாக நுழைகிறதோ அதுதான் அதன் அளவு. வளைந்திருக்கிறதா என்று மேசைமேல் உருட்டிப் பார். முனையில் பிசிறு இருக்கிறதா என்று மெல்லிய பழந்துணியில் தேய்த்துப் பார். துணி சிக்கினால் நூலும் சிக்கும்.

நூல் உருண்டைகளில் பாதிக்கு மேல் லேபிள் இல்லை. பழைய சாமான் விற்பவர்கள் எல்லாவற்றையும் 'கம்பளி' என்றுதான் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் தெரியாது. ஒரு விரற்கடை நூலை வெட்டி, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார். முடி கருகும் நாற்றம் வந்து, தீயை விலக்கியதும் தானே அணைந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி. உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பு மணி போல இறுகினால் அக்ரிலிக். அக்ரிலிக் என்றால் மட்டம் என்று நினைக்காதே. கற்றுக்கொள்ளும்போது பிரித்துப் பிரித்துப் பின்ன அதுதான் தாங்கும்.

வந்த கம்பளியை நேரே அலமாரியில் வைத்துவிடாதே. ஒரு தடவை நான் வைத்தேன். மூன்று மாதத்தில் கீழ்த்தட்டு முழுக்கச் சல்லடை. கம்பளியைத் தின்பது பறக்கிற அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. பூச்சிக்கு வாயே உதவாது. உருண்டைகளை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, ஃப்ரீசரில் −18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும். நான் உனக்கு அனுப்புவது எல்லாம் அந்தச் சிறைவாசம் முடித்தவை.

நூலை உருண்டையாகத்தான் வாங்கவேண்டும் என்றில்லை என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. பழைய துணிக் குவியலில் கிடக்கிற ஸ்வெட்டர்தான் இருப்பதிலேயே நல்ல நூல். கடையில் விற்கிற ஸ்வெட்டரும் நம் கையில் வருவது போலக் கண்ணிக்குள் கண்ணி கோத்ததுதானே. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்ன இயந்திரம் செய்தபோதும் கண்ணியைத்தான் கோத்தார். கோத்ததைப் பிரிக்கலாம். ஆனால் எல்லாம் பிரியாது. வாங்குமுன் உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பார். ஓரத்தை வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் கீழே வைத்துவிடு. அதில் ஒவ்வொரு வரிசையும் துண்டுதுண்டாகத்தான் கையில் வரும். ஓரம் வெட்டுப்படாமல், சங்கிலித் தையலால் இணைத்திருந்தால் அள்ளிக்கொள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சாக்குமூட்டை வாய்த் தையல் மாதிரி சரசரவென்று கழன்றுவிடும். சுடுநீரில் துவைத்துக் கெட்டித்துப்போன கம்பளியையும் விட்டுவிடு, கண்ணிகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும்.

பெரும்பாலும் கீழ்விளிம்பில் தொடங்கி மேலே பின்னியிருப்பார்கள். அதனால் பிரிப்பது கழுத்துப் பக்கத்திலிருந்து. நூல் சுருள்சுருளாக வரும், பார்க்கவே பாவமாக இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவை. முறுக்கிப் பிழியாதே, துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்திவிட்டுத் தொங்கவிடு. காய்ந்ததும் சுருள் தளர்ந்து, பழையது என்று யாரும் சொல்ல முடியாத நூல் கிடைக்கும். ஒரு ஸ்வெட்டரைப் பிரிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். பின்னுவதைவிட அந்த மாலைதான் எனக்குப் பிடித்தது என்று உன் அப்பாவிடம் சொன்னால் சிரிக்கிறார்.

பெரிய சாமான்களில் மட்டும் அவசரப்படாதே. போன வருடம் ஒரு மிதி ராட்டை விற்பனைக்கு வந்தது. படத்தில் சக்கரம் அவ்வளவு அழகு. நானும் வேறு எதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், முறுக்கேற்றி பாபினில் சுற்றித் தருகிற ஃப்ளையரே இல்லை என்று தெரிந்தது. அது இல்லாத ராட்டை வெறும் சக்கரம். விற்றவர் ஏமாற்றினார் என்று கொஞ்ச நாள் பொருமினேன். படத்தில் இல்லாததை நான் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. சுற்றி ஓடுகிற கயிறு அறுந்திருந்தால் கவலை இல்லை, பருத்திக் கயிறு போதும். மிதியை இணைக்கிற தோல்வாரையும் நாமே வெட்டிக்கொள்ளலாம். சக்கரம் கோணலாக ஆடினாலோ, ஃப்ளையரோ பாபினோ இல்லாவிட்டாலோ, எவ்வளவு சொன்னாலும் திரும்பி வந்துவிடு. என் சக்கரம் இப்போது வராந்தாவில் நிற்கிறது. பொருத்தமான ஃப்ளையர் ஒன்று எங்காவது கிடைக்கும் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதனால் நூற்பதெல்லாம் கையால் சுழற்றும் தக்ளியில்தான்.

நூல் வாங்குவது வேறு, பின்னுவது வேறு. இரண்டும் ஒன்று என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாடி அறைப் பெட்டிகளில் இருப்பது இந்த ஜன்மத்துக்குப் போதும், அடுத்ததற்கும் கொஞ்சம் மிஞ்சும். பழையது என்பதால் குற்ற உணர்ச்சி குறைகிறதே தவிர, இடம் குறைவதில்லை. உனக்கு அனுப்புவதில் என் சுயநலமும் உண்டு என்று இதற்குள் புரிந்திருக்கும்.

பச்சை உருண்டைகள் ஆறும் ஒரே பச்சை மாதிரி தெரியும், ஆனால் மூன்று வேறு சாயத் தொகுதி, அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றியவை இல்லை. இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் பின்னு, வேறுபாடு கரைந்துவிடும்.

இன்னொன்று கேட்கவேண்டும். நீ பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போன சாம்பல் நிற ஸ்வெட்டர் இன்னும் மேல்தட்டில் இருக்கிறது. வலது முழங்கையில் ஓட்டை. நேற்று உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டேன், சங்கிலித் தையல்தான். ஓட்டையிலிருந்து ஒரு விரற்கடை நூலைக் கொளுத்தியும் பார்த்துவிட்டேன், சுத்தக் கம்பளி. பிரித்தால் உனக்கு ஒரு தொப்பியும் கழுத்துத்துணியும் பின்ன நூல் தேறும். பிரிக்கட்டுமா? நீ பதில் எழுதும்வரை கத்தரியை எடுக்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா