டிஸ்சார்ஜ் சீட்டுல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்கண்ணன் தென்னை மரத்துல இருந்து விழுந்து முதுகுத் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்கு கீழ செயல் இல்லாம போனவரு. விழுந்ததும் கையை ரெண்டு பேரு காலை ரெண்டு பேரு புடிச்சு தூக்கி குட்டியானையில ஏத்திட்டோம். 108 வர்ற வரைக்கும் அசைக்காம அப்படியே தரையில போட்டு வச்சிருக்கணும்னு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா கால் வந்திருக்குமான்னு இப்ப கேட்டு பிரயோஜனம் இல்ல, விடுங்க.

ஆபரேஷன்ல குறை சொல்ல மாட்டேன். காப்பீட்டு கார்டுலயே ராடு, ஸ்க்ரூ எல்லாம் வச்சு விட்டாங்க. என் குறையே டிஸ்சார்ஜ் அன்னிக்குதான். மாத்திரை சீட்டையும் யூரின் பையையும் கையில கொடுத்து அனுப்பிட்டாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும்னு யாரும் சொல்லல. மூணாவது வாரம் பாத்தா குதிகால்ல எறும்பு மொய்க்குது, அவரு பாட்டுக்கு டிவி பாத்துட்டு இருக்காரு. தோல் கறுத்து புண்ணு வச்சிருச்சு, இடுப்புக்கு கீழ உணர்ச்சியே இல்லாதவரு என்னன்னு சொல்லுவாரு? அப்புறம் அம்மாதான் பழைய சேலைய மடிச்சு கெண்டைக்காலுக்கு அடியில வச்சு குதிகால் மெத்தையில படாம பாத்துக்கிட்டாங்க. அதுக்கு என்ன பெரிய செலவு?

யூரின் டியூப் கதையும் அதேதான். மாசக்கணக்கா மாட்டியே வச்சதுல அடிக்கடி குளிர்காய்ச்சல். சோப்பு போட்டு கை கழுவிட்டு, நாலு மணியோ ஆறு மணியோ நேரத்துக்கு ஒருக்கா தானே சின்ன டியூப் விட்டு யூரினை எடுத்துட்டு டியூபைக் கழட்டிடலாம்ங்கறது எட்டு மாசம் கழிச்சு, வீல்சேர்ல இருக்கற இன்னொருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுது. வேலூர் சிஎம்சில 1966-லயே மறுவாழ்வு மையம் வந்திருச்சு, அதுக்கு காரணமா இருந்த மேரி வர்கீஸ் டாக்டரே தண்டுவடம் அடிபட்டு வீல்சேர்ல இருந்தவங்க. மாற்றுத்திறனாளிகளுக்கான ஆய்க்குடி அமர் சேவா சங்கமும் 1981-ல இருந்து இருக்கு. இத்தனை வருசமாகியும் எங்க ஊருக்கு இந்த விவரமெல்லாம் வந்து சேரல.

அதனால கேக்கறேன். வீட்டு ஆளு ஒருத்தர் தானே திருப்பிப் போட்டு, தானே டியூப் விட்டு காட்டுனாத்தான் டிஸ்சார்ஜ்னு வைங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகர் மாத்திரை மாதிரி இந்த டியூபும் கிடைக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவத்துல வர்ற அக்காங்க பிரஷர் பாக்கும்போது ஒரு நிமிஷம் போர்வைய விலக்கி குதிகாலையும் பின்பக்கத்தையும் பாத்துட்டு போகட்டும்.

அண்ணன் இப்ப வாசல்ல பெட்டிக்கடை போட்டிருக்காரு, புண்ணு வராம இருக்க கால்மணிக்கு ஒருக்கா ரெண்டு கையையும் ஊனி உடம்பை தூக்கித் தூக்கி உக்காருவாரு. பக்கத்து ஊர்ல 22 வயசு பையன் ஒருத்தன் பனையில இருந்து விழுந்துட்டான். வர்ற திங்கக்கிழமை டிஸ்சார்ஜாம்.