செவ்விலக்கியத்தைக் கூடி வாசிக்கத் தொடங்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்விலக்கியங்களைப் படிக்க வேண்டும் என்ற ஆவல் இருந்தும், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டுவருகிறவர்கள் நம்மிடையே மிகப் பலர். துணிந்து ஒரு காப்பியத்தைக் கையில் எடுப்பவரும் பதிப்புரை, அணிந்துரை, ஆராய்ச்சி முன்னுரை ஆகியவற்றைக் கடந்து மூலத்தை எட்டுவதற்குள் களைத்துப்போகிறார். பிறகு நூல் அலமாரிக்குத் திரும்பிவிடுகிறது, 'இது நமக்கு எட்டாதது' என்ற எண்ணம் மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது. இத்தகையோருக்கு ஒரு வாசகர் வட்டம் பெருந்துணையாக அமையும் என்பதையும், அந்த வட்டத்தில் சொற்பொழிவைக் குறைத்து மூலத்தை வாய்விட்டுப் படிப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பதையும் தங்கள் நாளிதழின் வழியே வலியுறுத்த விரும்புகிறேன்.

கூடிப் படிப்பது தொடக்கநிலை வாசகர்களுக்கான எளிய வழி மட்டுமே என்று கருதுவோர் உண்டு. அவர்கள் உ.வே.சாமிநாதையரின் வாழ்வை எண்ணிப்பார்க்க வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகவும் அமர்ந்துவிட்ட அவரிடம், 1880 அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டபோது, இல்லை என்றே அவரால் சொல்ல முடிந்தது. அதன்பின் இருவரும் சேர்ந்து அந்நூலைப் படிக்கத் தொடங்கினார்கள். நச்சினார்க்கினியர் உரை கையில் இருந்தும் சமண சமயச் செய்திகள் பல இடங்களில் விளங்காமல் நின்றன. அவ்வையங்களைத் தீர்த்தவர்கள், சிந்தாமணியை வழிவழியாகக் கூடிப் படித்துவந்த அவ்வூர்ச் சமணர்கள்தாம். 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்புக்குப் பின்னால் இப்படியொரு கூட்டு வாசிப்பு இருந்தது. பெரும்புலமை பெற்ற ஒருவருக்கே பிறர் துணை வேண்டியிருந்தது என்றால், நாம் தனியாகப் படித்து விளங்கவில்லையே என்று வெட்கப்படுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது குறுந்தொகை. பாடல்கள் நான்கடி முதல் எட்டடி வரையில் அமைந்தவை. ஓரிரண்டுக்கு மட்டும் ஒன்பதடி. ஓர் அமர்வில் ஒரே பாடலை எடுத்துக்கொண்டு, அதைப் போதிய நேரம் கொடுத்துப் படிக்க முடியும். நான் சேர்ந்து படிக்கும் வட்டத்தில் கபிலரின் 25ஆம் பாடலை எடுத்துக்கொண்ட மாலையை இங்கே குறிப்பிட வேண்டும். தலைவன் தன்னைக் களவில் மணந்த அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று வருந்தும் தலைவி, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு மட்டும் நின்றது என்கிறாள். அதன் கால்கள் தினைத்தாள் போலச் சிறியவை, பசியவை என்றும் சேர்த்துச் சொல்கிறாள். மீன்மேல் கண்வைத்த பறவை சாட்சியாகாது என்பதை எல்லோரும் எளிதில் கண்டுகொண்டோம். ஆனால் அத்தகைய துயரத்தில் இருப்பவள் ஒரு பறவையின் காலை ஏன் இவ்வளவு நுணுக்கமாக நினைவுகூர வேண்டும் என்று ஓர் இளைஞர் கேட்டார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. அதுவரை சங்கப் பாடல் எதையும் படித்திராத ஓர் அம்மையார், "நாணத்தில் தலையைக் குனிந்து நின்றிருப்பாள், அவள் கண்ணில் பட்டது அந்தக் கால்தான்" என்றார். இந்த விளக்கத்தை உரைகளில் தேடிச் சரிபார்க்க வேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பாடல் அதற்கு இடம் தருகிறது. ஐந்தே அடிகளை ஒரு மாலை முழுவதும் பேசிய அந்த அமர்வுக்குப் பின், அந்த அம்மையார் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை.

அந்த மாலை அவ்வாறு அமைந்ததற்கு நாங்கள் பின்பற்றிய வரிசையும் ஒரு காரணம். முதலில் ஒருவர் பாடலை வாய்விட்டுப் படிப்பார். அடுத்து மற்றொருவர் சந்தி பிரித்துப் படிப்பார். தெரியாத சொற்களுக்கு மட்டும் பொருள் பார்த்தபின் பேச்சு தொடங்கும். உரை நூலைக் கடைசியில்தான் திறப்போம். உரையை முதலில் படித்துவிட்டால், புதிய வாசகர் அதற்கு மேல் தான் சொல்ல ஏதும் இல்லை என்று வாயை மூடிக்கொள்கிறார். தானே முட்டிமோதிப் பார்த்த பிறகு உரைக்குச் செல்பவருக்கோ உரையாசிரியர் எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறார் என்பது புரிகிறது. எல்லோரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்வதும் நல்லது. சந்தி பிரிப்பிலும் பாடத்திலும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு உண்டு. நூல் வாங்க இயலாதவர்களுக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் வெளியிட 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சிறு பாடல்களில் கால் ஊன்றிய வட்டம் அடுத்துச் சிலப்பதிகாரத்துக்குச் செல்லலாம். மூன்று காண்டங்கள், முப்பது பிரிவுகள் என்ற அதன் அமைப்பே கூட்டங்களுக்கான பகுப்பாக இருக்கிறது. நீண்ட காதைகளை மட்டும் இரண்டு அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். வழக்குரை காதையை முதலில் படித்துவிட்டுப் பின்னர்த் தொடக்கத்துக்கு வருவது புதியவர்களை ஈர்க்கும் என்பார் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. புகார்க் காண்டத்தின் விழாவையும் கானல்வரியையும் கடந்துவந்தவருக்கே, அரசவையில் கண்ணகி உடைக்கும் சிலம்பின் ஓசை முழுமையாகக் கேட்கும்.

உலகப் பெருநாவல்களுக்கும் இம்முறை பொருந்தும். டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' நாவலின் பருமனைக் கண்டே பின்வாங்குகிறவர்கள், அதன் 361 அத்தியாயங்களில் பெரும்பாலானவை சில பக்கங்களே கொண்டவை என்பதை அறிவதில்லை. நாளுக்கு ஓர் அத்தியாயம் படித்தால் ஓராண்டுக்குள் முடித்துவிடலாம். அந்நாவலின் முற்பகுதியே 1865 முதல் ஓர் இதழில் தொடராகத்தான் வெளிவந்தது. எனவே விட்டுவிட்டுப் படிப்பதால் நூலுக்குக் குறையேதும் வந்துவிடாது. ஒரே பாத்திரம் இயற்பெயர், தந்தைவழிப் பெயர், செல்லப்பெயர் என்று பல பெயர்களில் வருவதுதான் இதில் பலரைத் தடுமாறச் செய்வது. முதல் கூட்டத்திலேயே ஒரு தாளில் பெயர்களை எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் அந்தத் தடை நீங்கிவிடும்.

வட்டத்தை நடத்துவோரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வாரத்துப் பகுதியைப் படித்து முடிக்காமல் வருபவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். வெட்கத்தால் ஒரு கூட்டத்துக்கு வராதவர் அடுத்த கூட்டத்துக்கும் வருவதில்லை. வாய்விட்டுப் படிக்கும் வட்டத்தில் அவரும் அங்கேயே அந்தப் பகுதியைக் கேட்டுவிடுவார். புலமை மிக்க ஒருவர் வட்டத்தில் இருப்பது நற்பேறு. ஆனால் அவர் இறுதியில் பேசுமாறு ஏற்பாடு செய்துகொள்வது மற்ற அனைவருக்கும் நன்மை தரும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வாரம் ஒருமுறை, சந்தி பிரித்த வடிவத்தோடும் அருஞ்சொற்பொருளோடும் ஒரு சங்கப் பாடலைத் தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன். அதன் விளக்கவுரை அதே நாளில் வராமல் அடுத்த வாரம் வரட்டும். நூலும் நூலகமும் எளிதில் வாய்க்காதவர்கள் கூட அந்த ஒரு வார இடைவெளியில் அப்பாடலைக் குடும்பத்தோடும் நண்பர்களோடும் படித்துப் பேச முடியும்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்