முடியில்லாத பூனை வாங்கப்போகும் மகளுக்கு

குன்னூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுமதிக்கு,

பூனை வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் "முடியே இல்லாத பூனை, அதனால் மாப்பிள்ளைக்குத் தும்மல் வராது" என்று எழுதியிருக்கிறாயே, அந்தக் காரணம்தான் சரியில்லை. விற்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இத்தனை காலம் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் என்ற உரிமையில் நான் சொல்வதையும் கொஞ்சம் கேள்.

பூனை ஒவ்வாமைக்கு மூலகாரணம் முடி அல்ல. ஃபெல் டி 1 என்கிற ஒரு புரதம். அது பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறுகிறது. முடி அதைச் சுமந்துபோய் வீடெங்கும் உதிர்க்கிறது, அவ்வளவுதான். மொட்டைப் பூனைக்கும் நாக்கு உண்டு, தோல் உண்டு. அதுவும் நாள் முழுவதும் உடம்பை நக்கிக்கொண்டுதான் இருக்கும். சிலருக்குத் தொல்லை குறையலாம், சிலருக்குத் துளியும் குறையாது. மாப்பிள்ளை எந்த ரகம் என்று பெங்களூரில் உட்கார்ந்து நீ ஊகிக்க முடியாது.

நீ அனுப்பிய பூனைப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "பழனிக்கு வேண்டுதலா?" என்றார். அவரை விடு.

நீ ஸ்ஃபிங்ஸ் என்று எழுதியிருக்கிறாய். விற்கிறவர்கள் அனுப்பிய சீட்டில் டான்ஸ்காய் என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஸ்ஃபிங்ஸ் வட அமெரிக்கப் பூனை. 1966-இல் கனடாவின் டொராண்டோவில் சாதாரண வீட்டுப் பூனை ஒன்று முடியில்லாத குட்டியை ஈன்றதிலிருந்து அதன் பேச்சு தொடங்கியது.

டான்ஸ்காய் பிறந்தது ரஷ்யாவில். டான் நதிக்கரையில் உள்ள ரோஸ்தோவ் நகரில், 1987-இல், எலெனா கோவலேவா என்ற பெண்மணி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் பையன்கள் சிலர் ஒரு பையை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தார்களாம். பைக்குள் ஒரு பெண் பூனைக்குட்டி! மீட்டுக்கொண்டுபோய் வார்வாரா என்று பெயர் வைத்து வளர்த்தார். சில மாதங்களில் அதற்கு முடி உதிரத் தொடங்கியது. படை என்று நினைத்து மருந்து போட்டுப் பார்த்தார்கள். முடி திரும்பவில்லை, பூனையோ தின்று விளையாடிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது. பிறகு அது ஈன்ற குட்டிக்கும் அதேபோல உதிர்ந்தபோதுதான் இது நோயல்ல, வம்சத்தில் வருவது என்று தெரிந்தது.

பத்தாம் வகுப்பில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று உனக்கும் நான்தான் நடத்தினேன். ஸ்ஃபிங்ஸின் வழுக்கை ஒடுங்கு பண்பு. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அந்த மரபணு வந்தாக வேண்டும். டான்ஸ்காயின் வழுக்கை ஓங்கு பண்பு. ஒரு பக்கமிருந்து வந்தாலே போதும். இதனால் உனக்கு ஒரு சங்கதி இருக்கிறது. டான்ஸ்காய் குட்டிகளில் சில பிறக்கும்போதே வழுக்கை. மற்றவை மெல்லிய முடியோடு பிறந்து, வளர வளர உதிர்க்கும்; சிலவற்றுக்கு ஓரளவு முடி கடைசிவரை தங்கிவிடும். குளிர்காலத்தில் மார்பிலும் வாலிலும் லேசாக முளைப்பதும் உண்டு. குட்டியின் படத்தைப் பார்த்து விலை பேசாதே.

முடி இல்லாவிட்டால் வேலை குறைவு என்றும் நினைக்காதே. தோலில் ஊறும் எண்ணெயை உறிஞ்ச முடி இல்லாததால் அது அப்படியே பிசுபிசுத்து நிற்கும். மெத்தை விரிப்பில் பழுப்புக் கறை விழும். அடிக்கடி குளிப்பாட்ட வேண்டும், காது துடைக்க வேண்டும். உடம்புச் சூடு வெளியே போய்க்கொண்டே இருப்பதால் தீனியும் அதிகம் கேட்கும். மீசை முடியும் சுருண்டோ ஒடிந்தோ இருக்கும். இருட்டில் தடவி வழி அறிய அந்த மீசைதானே பூனைக்கு வேண்டும்? நெதர்லாந்தில் 2026 முதல் முடியில்லாப் பூனைகளைப் புதிதாக வாங்கி வளர்க்கவே தடை விதித்திருக்கிறார்கள். எனக்கு அது அதிகப்படி என்று தோன்றவில்லை.

வாங்கினாலும் மார்கழி, தையில் இங்கே கூட்டி வராதே. நம் வீட்டு வெள்ளச்சி இத்தனை முடியை வைத்துக்கொண்டே, காலையில் வெந்நீர் அடுப்பின் ஓரத்தில் மயிரைச் சிலிர்த்துப் பருத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது. பின்னங்காலை வெளியே நீட்டுவதில்லை. உறைபனி விழுந்து ஊட்டிப் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் நாளில் உன் பூனை எதைச் சிலிர்க்கும்? ஸ்வெட்டர் பின்னித் தருகிறேன் என்று உன் அத்தை கிளம்பிவிட்டார். சித்திரையில் வரலாம். அப்போதும் வெயிலில் விடக் கூடாது. மலை வெயில் குளிர்ச்சியாகத் தோன்றினாலும் தோலைச் சுட்டுவிடும். இருட்டிய பிறகு வாசல் பக்கமே கூடாது. தேயிலைத் தோட்டத்துச் சிறுத்தைக்கு ரஷ்யப் பூனை, நாட்டுப் பூனை என்ற பேதம் கிடையாது.

இப்போதைக்கு ஒன்று செய். பூனை விற்பவரின் வீட்டுக்கே மாப்பிள்ளையை அழைத்துப் போ. குட்டியோடு அல்ல, வளர்ந்த பூனைகளோடு ஒரு மணி நேரமாவது உட்காரட்டும், மடியில் வைத்துக்கொள்ளட்டும். வெவ்வேறு நாட்களில் இரண்டு மூன்று முறை போய் வாருங்கள். தும்மல் இல்லை, கண் சிவக்கவில்லை, மூச்சு இழுக்கவில்லை என்றால் எனக்குப் போன் செய். தாய்ப் பூனைக்கு இதயப் பரிசோதனை செய்த சீட்டு இருக்கிறதா என்றும் கேள். அதுவரை முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா