பேனாவுக்கு முன்னால் ஒரு வாரம்

மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். நான் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரி. வயது 57. போன வருஷம் இடது மார்பில் புற்றுக் கட்டி வந்தது. மதுரையில் உங்கள் மருத்துவமனையில்தான் கட்டியை மட்டும் எடுத்தார்கள், கீமோ கொடுத்தார்கள், அப்புறம் கரண்ட்டும், அதாவது கதிர்வீச்சும், வைத்தார்கள். இனி 5 வருஷத்துக்கு தினம் ஒரு லெட்ரோசோல் என்ற ஹார்மோன் வைத்திய மாத்திரை. வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. டாக்டரம்மா தங்கமானவர். நான் எழுதுவது வேறு விஷயம்: மருந்துச் சோதனையில் சேரச் சொல்லி என்னிடம் நீட்டிய, உங்கள் குழு அனுமதித்த சம்மதப் படிவத்தைப் பற்றி.

போன வியாழக்கிழமை செக்கப்புக்கு வந்திருந்தேன். டாக்டரைப் பார்க்கும் முன்பே ஒரு பெண் என்னை மட்டும் தனி அறைக்குக் கூட்டிப்போனார். துணைக்கு வந்த நாத்தனார் மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். "ஆச்சி, உங்களுக்குப் பொருத்தமா ஒரு ட்ரையல் வந்திருக்கு. இப்ப சாப்பிடுற மாத்திரையோட புது மாத்திரை ஒண்ணு சேர்த்துத் தருவாங்க, எல்லாம் ஃப்ரீ" என்றார். ட்ரையல் என்றால் மருந்தை ஆட்களிடம் கொடுத்துப் பார்க்கும் சோதனை. அதில் சேரச் சம்மதம் கேட்டு 18 பக்கப் படிவம். அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிவைத்து, பேனாவின் மூடியையும் கழற்றிக் கையில் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேனே என்றேன். கையெழுத்துப் போட்டால்தான் நகல் கிடைக்கும் என்று பதில் வந்தது. படிப்பதற்குத்தானே நகல்? அரை மணி நேரம் பிடிவாதம் பிடித்து, வெற்றுப் படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் ஊர்ப் பழக்கத்தை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானைப் பரப்பிவைத்தால், வைரத்தோட்டிலிருந்து குழிப்பணியாரச் சட்டி வரைக்கும் சிட்டையில் ஏறும். இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதுவோம். சிலர் இசைபிடிமானம் என்பார்கள். வாசித்துக் காட்டி, தலையாட்டிய பிறகுதான் கையெழுத்து. கொடுக்கல் வாங்கலிலும் அப்படித்தான். படிக்காத காகிதத்தில் கைவைக்காதே என்று சின்ன வயதிலேயே சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அப்படி வளர்ந்தவளிடம் பேனாவை முதலில் நீட்டினால் எப்படி?

சரி, படிவத்துக்கு வருகிறேன். நாத்தனார் மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளும் நானும் இரண்டு ராத்திரி வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து படித்தோம். தமிழில்தான் அச்சடித்திருக்கிறது, ஆனால் யாருடைய தமிழ் என்று தெரியவில்லை. "பங்கேற்பாளர் சமவாய்ப்பு முறையில் இரு கரங்களில் ஒன்றிற்கு ஒதுக்கீடு செய்யப்படுவார்" என்று ஒரு வரி. இரண்டு கரங்கள் என்றதும் கையில் ஊசி போடுவதைச் சொல்கிறார்களோ என்று நினைத்தேன். அவள்தான் விளக்கினாள்: கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும், பாதிப் பேருக்குப் புது மாத்திரையும் சேர்ந்து வரும், மீதிப் பேருக்கு வழக்கமான மாத்திரை மட்டும். எந்தப் பக்கம் என்று டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது, நானும் முடியாது. இதை இப்படியே அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கலாமே. எனக்குப் புது மாத்திரை கிடைக்காமலே போகலாம் என்பதை அன்றைக்கு அறையில் யாரும் சொல்லவில்லை.

சிங்கப்பூரிலிருந்து மகன் போனில், "ஆத்தா, கையெழுத்துப் போட்டுறாதீக, உங்களை எலி மாதிரி வச்சுப் பார்ப்பாக" என்றான். கொழுந்தனார் நேர்மாறு: பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுப்பதை விடுவார்களா என்கிறார். இரண்டு பேருமே படிவத்தைப் படிக்கவில்லை.

மகன் சொன்னது என்னை ஆட்டவில்லை. அதற்குக் காரணம் என் உடம்பிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் மார்பில் கட்டி என்றால் மார்பு முழுவதையும், அடியிலுள்ள தசையோடு சேர்த்து வெட்டினார்கள். கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட்டு வைத்தாலும் ஆயுள் குறையாது என்று காட்ட, அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷர் என்ற மருத்துவர் 1976இல் ஒரு சோதனை தொடங்கினார். முதல் முடிவு 1985இல் வந்தது. 20 வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அதுவே நிலைத்தது. மார்பு போகுமா இருக்குமா என்பதைக் குலுக்கலுக்கு விட்டார்கள் அந்தச் சோதனையில் சேர்ந்த பெண்கள். முகம் தெரியாத அவர்களால்தான் நான் இன்றைக்கு முழு உடம்போடு இருக்கிறேன். நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுகிறார்களே லிடோகெய்ன், அதை அறுவைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றிச் செலுத்தினால் என்ன ஆகும் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை முன்நின்று 11 இடங்களில் 1,600 பெண்களிடம் பார்த்தார்கள். 2023இல் முடிவு வெளியானது. ஊசி போட்டவர்களில் 5 வருஷம் கழித்து 90.1 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், போடாதவர்களில் 86.4 சதவீதம். விலை மலிந்த மருந்து அது. அதனால் சோதனை என்ற சொல்லுக்கு நான் பயப்படவில்லை. என்னுடைய மாதிரி ஹார்மோன் சார்ந்த புற்று, பல வருஷம் கழித்தும் திரும்பி வரக்கூடும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். புது மாத்திரை அதைத் தடுக்குமா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. ஆசை இல்லாமல் இல்லை.

என் கேள்வியெல்லாம் அன்றாடத்தில் இருக்கிறது. புது மாத்திரையால் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணு குறையலாம், வயிற்றுப்போக்கு வரலாம் என்று படிவம் சொல்கிறது. ராத்திரி 2 மணிக்குக் காய்ச்சல் அடித்தால் மதுரைக்கு 2 மணி நேரம் ஓட முடியாது, காரைக்குடியில்தான் சேர்ப்பார்கள். அங்குள்ள டாக்டருக்கு நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று யார் சொல்வது? அப்படிப் பெரிய பாதிப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் உங்களுக்கும் அரசுக்கும் தகவல் போக வேண்டும் என்று 2019ஆம் வருஷத்து மருத்துவச் சோதனை விதிகள் சொல்கின்றன. சோதனையால் கெடுதல் வந்தால் இலவச வைத்தியம், இழப்பீடு என்பதும் அதில் இருக்கிறது. படிவத்தில் அது "விதிகளின்படி வழங்கப்படும்" என்று ஒரே வரியில் ஒதுங்கிக் கிடக்கிறது. ராத்திரியில் எடுக்கிற போன் நம்பர் ஒன்று வேண்டும்.

முதல் 2 மாதம் 15 நாளைக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்க வர வேண்டுமாம். துணைக்கு வருகிறவளுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகும். போக்குவரத்துச் செலவைத் திருப்பிக் கொடுப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறைகள் அனுமதிக்கின்றன. எவ்வளவு கொடுப்பீர்கள் என்று படிவத்தில் இல்லை. இன்னொன்று: குலுக்கலில் எனக்குப் பழைய மாத்திரை மட்டும் விழுந்து, புதியது நல்லது என்று பின்னால் தெரிந்தால், எனக்கும் தருவார்களா? எத்தனை தடவை புரட்டியும் பதில் கண்ணில் படவில்லை.

உங்கள் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் மருத்துவம் படிக்காத சாதாரண ஆளாகவும் ஒருவராவது பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்பதும் விதி. அந்தச் சாதாரண ஆளிடம் ஒன்று கேட்கிறேன். இந்தப் படிவத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் 18 பக்கத்தையும் படித்தீர்களா? படித்திருந்தால் "இரு கரங்கள்" எப்படித் தப்பியது?

கேட்பது பெரிய காரியமில்லை. படிவத்தை முதல் நாளே வீட்டுக்குக் கொடுங்கள். ஒரு வாரம் டயம் கொடுங்கள். எங்கள் ஊரில் 10ஆம் வகுப்பு படித்த ஒருத்தியை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, அவளுக்குப் புரியாத வரியைத் திருத்துங்கள். சேர மாட்டேன் என்று சொன்னாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான வைத்தியம் மாறாது என்பது படிவத்தின் 14ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவகோட்டை அம்மா, மறுத்தால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தே கையெழுத்துப் போட்டேன் என்றார்.

நான் இன்னும் முடிவு எடுக்கவில்லை. பதில்கள் சரியாக வந்தால் சேரத்தான் மனம் சாய்கிறது. வருகிற வியாழக்கிழமை காலை கேள்விகளை எழுதிக்கொண்டு வருகிறேன். நாத்தனார் மகளும் கூட வருவாள். இந்தத் தடவை அவளையும் உள்ளே விடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருத்துவமனையில் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆச்சி