மூச்சு விட முடிகிறதா என்று கேட்டாயே

அன்புள்ள கீதா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடாததற்குத் திட்டாதே. புது வீட்டில் பால் காய்ச்சியாச்சு என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். மாடிப்படி உயரம் அதிகம், முழங்கால் வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் முழங்கால்தான், ஆனால் படி ஏறி வந்த வலி இல்லை, தரையில் துணியை விரித்து மண்டி போட்டு வெட்டியே வந்த வலி.

ஆமாம், அந்த விக்டோரியா காலத்து உடுப்பை ஒருவழியாக முடித்துவிட்டேன். ஜூன் மாதம் பிராட்ஸ்டேர்ஸ் போய்ப் போட்டுக்கொண்டு நடந்தும் வந்தாச்சு. இங்கே இங்கிலாந்தில் கென்ட் கடற்கரையில் சின்ன ஊர் அது, நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் கோடையில் அடிக்கடி வந்து தங்கிய இடம். 1937ல் அவர் பேரில் ஒரு விழா தொடங்கினார்கள், விழா நாட்களில் பழைய காலத்து உடையோடு எத்தனையோ பேர் கடலோரமாக உலாவுவார்கள்.

நீ போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "மூச்சு விட முடிகிறதாடி?" முடிகிறது. உள்ளே இடுப்பை இறுக்கிக் கட்டுகிற கார்செட்டை நினைத்து நானும் பயந்துகொண்டுதான் ஆரம்பித்தேன். லெஸ்டரிலிருந்து ரயிலில் கால் மணி நேரத்தில் மார்க்கெட் ஹார்பரோ என்று ஒரு ஊர், அங்கே சிமிங்டன் குடும்பத்தின் பெரிய கார்செட் தொழிற்சாலை இருந்தது, இப்போது அந்தக் கட்டடத்திலேயே அருங்காட்சியகம். கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்தால் இடுப்பா, மணிக்கட்டா என்று தோன்றும். அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது: பின்பக்க நாடாவைப் பொதுவாக முழுக்க இழுத்து மூடுவதில்லை. சுமார் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுத்தான் கட்டுவார்கள். என் இடுப்பு 34, கார்செட்டை மூடினால் 30, இடைவெளியோடு கட்டினால் 32. இறுகியது இரண்டே இரண்டு அங்குலம்! கொடி இடையாகத் தெரிவதெல்லாம் பின்னால் கட்டிய தலையணையும் மேலே வைத்த பஞ்சும் செய்கிற வேலை.

சிரிக்காதே, இன்னொன்று சொல்கிறேன். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி நம் இடுப்பில் கறுத்த வளையமாக ஒரு தழும்பு கிடக்கிறதே, அது எனக்கு இன்னும் போகவில்லை. இந்த உடுப்பில் உள்பாவாடை இரண்டு, மேல்பாவாடை, அதற்கு மேலே கொசுவிச் சொருகிய இன்னொரு துணி, எல்லாம் சேர்ந்தால் நல்ல கனம். அத்தனை நாடாவும் கார்செட்டின் மேல்தான் உட்காருகிறது, சதையில் படவே இல்லை. சாயங்காலம் கழற்றிப் பார்த்தேன், தோலில் லேசான வரி, அவ்வளவுதான். குனிய முடியாது என்பது நிஜம். கீழே விழுந்த பின்னூசியை எடுக்க முதுகை நேராக வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி இறங்க வேண்டும், என் முழங்காலுக்கு அதுதான் தண்டனை. சாப்பாடும் பாதிதான் இறங்கும்.

தைத்த கதை தனி. முதலில் காடாத்துணியில் ஒன்று தைத்து அளவு பார்த்தேன், இடுப்பெலும்பில் ஏறி உட்கார்ந்தது, பிரித்து மறுபடி வெட்டினேன். நிஜத் துணிக்குப் பேர் 'கூட்டில்' (coutil), எலும்பைக் கூட்டில் அடைக்கிற துணிக்கு யார் வைத்த பேரோ! ஈட்டி முனை மாதிரி நெசவு, இழுத்தால் கொடுக்காது. கார்செட் விறைப்பாக நிற்க அந்தக் காலத்தில் உள்ளே வைத்தது திமிங்கில எலும்பு என்பார்கள், உண்மையில் அது எலும்பே இல்லை, திமிங்கிலத்தின் வாயில் சீப்பு மாதிரி தொங்குகிற தகடு, நம் நகம் எதனால் ஆனதோ அதனால் ஆனது. மலிவான கார்செட்டுகளில் கயிறோ பிரம்போ. நான் வைத்தது எஃகுக் கம்பி, மெஷின் ஊசி மூன்று அதில் பட்டு உடைந்தது. முன்பக்கம் குமிழும் வளையமுமாக இரண்டு எஃகுப் பட்டை வரும். 1829ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது, அது வந்த பிறகுதான் உதவிக்கு ஆள் இல்லாமல் பெண்கள் தாங்களே சுலபமாகப் போட்டுக் கழற்ற முடிந்தது.

நான் சொதப்பியது நாடா கோர்க்கும் ஓட்டையில். சுத்தியலால் தட்டித் துணியை வட்டமாக வெட்டி எடுத்து ஐலெட் என்கிற உலோக வளையத்தை அடித்துவிட்டேன். முதல் தடவை இழுத்ததுமே நாலு ஐலெட் துணியோடு பிய்த்துக்கொண்டு கையில் வந்தது. அறுந்த இழையில் பிடிப்பு எங்கிருந்து வரும்? குத்தூசியால் குத்தி இழைகளை ஒதுக்கி மட்டும் விட வேண்டும், ஒன்றைக்கூட வெட்டக் கூடாது. செருப்புத் தைக்கிறவர் செய்வதை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறோம், புத்தியில் ஏறவில்லை. பின்பக்கம் இரண்டையும் புதிதாகத் தைத்தேன்.

தொப்பிதான் எனக்குப் பிடித்தது. பக்ரம் என்கிற விறைப்பான துணியை நனைத்துப் பூந்தொட்டி மாதிரி உயரமாக வளைத்து, ஓரத்தில் கம்பி கட்டி, மேலே கத்தரிப்பூ நிற வெல்வெட். 1880களில் இதன் மேல் முழுப் பறவையையே பாடம் பண்ணி உட்கார வைப்பார்களாம். கொக்கு குஞ்சு பொரிக்கிற பருவத்தில் முளைக்கிற இறகுக்காகக் கூட்டம் கூட்டமாகக் கொன்றிருக்கிறார்கள், அதைப் பொறுக்காமல் 1889ல் மான்செஸ்டர் பக்கம் டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் என்ற பெண் ஒரு சங்கம் தொடங்கினார், இன்றைக்கு இந்த நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கம் அதுதான். இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதியை 1902ல் தடை செய்ததும் இந்த மோகத்தால்தான். எனக்கு மனசு வரவில்லை, பக்கத்துப் பண்ணையில் உதிர்ந்த சேவல் இறகு ஏழெட்டு வாங்கிச் செருகினேன்.

ஆனால் தொப்பி ஊசி குத்த எனக்குக் கொண்டை வேண்டுமே! கிராப் தலை. கடற்காற்றில் தொப்பி இரண்டு தடவை பறந்து, ஒரு நாய் கவ்வப் பார்த்தது. அந்தக் காலத்துப் பெண்கள் சீப்பில் உதிர்ந்த முடியை ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்துக் கொண்டைக்குள் வைத்துக்கொள்வார்களாம், நம் பாட்டிகள் முடியைச் சுருட்டி உத்தரத்தில் செருகி வைத்தது போலத்தான். இங்கே ஒரு கடையில் சவுரி வாங்கிச் சமாளித்தேன்.

கடைசியில் மானம் போன கதை. குடை பிடித்த ஒரு பாட்டியம்மா பக்கத்தில் வந்து, "உடை பிரமாதம், ஆனால் இந்தப் பின்பக்க மேடு 1885 மோஸ்தர் இல்லையா? டிக்கன்ஸ் 1870லேயே இறந்துவிட்டாரே" என்றார். அத்தனை மாதம் உழைத்தேன், இது தோன்றவே இல்லை பார். அடுத்த வருஷம் 1850களின் கூண்டு மாதிரி வட்டமாக விரிந்து நிற்கிற பாவாடை தைப்பதாக இருக்கிறேன், அதை மாட்டிக்கொண்டு ரயிலில் எப்படி உட்காருவது என்று மட்டும் தெரியவில்லை.

டிசம்பரில் ஊருக்கு வருவேன். உன் அம்மாவிடம் முழங்கால் வரை நீளமாக ஒரு சவுரி இருந்ததே, அது இன்னும் இருக்கிறதா? கேட்டு வை. நான் வாங்கியது நைலான், வெயிலில் பளபளவென்று மின்னிக் காட்டிக்கொடுக்கிறது.

உன்,
சாந்தி