லீகா, லீக் இல்லை

அம்மா,

நேற்று ஜூன் 23. லாட்விய காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் சில பெயர்கள் போட்டிருக்கும், அன்று அந்தப் பெயர்க்காரர்களுக்கு விசேஷம். நேற்று லீகாக்களின் நாள். நீ ஃபோன் பண்ணவில்லை. உனக்குத் தெரியாது, நானும் சொன்னதில்லை. அது என் தப்புதான்.

என் மகளுக்கு லீகா என்று பெயர் வைத்த அன்று ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாய். "என்னடி, லீக்கா? பைப் லீக்கா?" பின்னால் ஒரே சிரிப்பு. யார் யார் என்று எழுத மாட்டேன், அவர்களும் இதைப் படிப்பார்கள். சிரிப்பு அடங்கினதும் மெதுவாக, "அப்போ பாட்டி பேரு?" என்றாய். சிக்னல் இல்லை என்று கட் பண்ணிவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

சரி, இப்போது கேள். ஜூன் 23 ராத்திரி இங்கே பண்டிகை, தூக்கம் கிடையாது. தீ மூட்டி, பீரும் சீரகம் மாதிரி ஒரு விதை போட்ட சீஸும் வைத்துக்கொண்டு விடியவிடியப் பாட்டு. தாலாட்டில் ஆராரோ வருகிற மாதிரி அடிக்கொரு தரம் 'லீகோ, லீகோ' என்று வரும். அதிலிருந்து வந்த பெயர்தான் லீகா. 19ஆம் நூற்றாண்டில் சிலர் லீகோ என்று ஒரு தெய்வமே இருந்ததாக எழுதிவிட்டார்கள். தெய்வமெல்லாம் இல்லை, வெறும் பல்லவிதான். எனக்கு அதுதான் பிடித்தது. சோவியத் காலத்தில் இந்தப் பண்டிகைக்கு விடுமுறையையே ரத்து செய்தார்கள். பாட்டு நிற்கவில்லையாம், மாமியார் சொன்னார்.

இங்கே பெண் பெயர் ஆ, ஏ என்றுதான் முடியும், பாட்டி பேரைப் பொன்னம்மாள் என்று வைத்தால் பத்திரத்தில் வால் முளைக்கும் என்று உன்னிடம் சொன்னேனே, அது உண்மைதான். ஆனால் சாக்கு. இவர் வீட்டில் எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. அதை உன்னிடம் சொல்லியிருந்தால் அழுதிருப்பாய். நீயும் எனக்குப் பெயர் வைத்தபோது உன் அம்மாவைக் கேட்கவில்லை, மாமனாரைத்தான் கேட்டாய்.

நேற்று பத்து மணிக்கும் வெளிச்சம். மாமியார் கட்டின பூக்கிரீடம் பெரிதாகிவிட்டது, லீகாவின் மூக்கில் வந்து நின்றது. கழற்ற விடவில்லை. அதைப் போட்டுக்கொண்டே தூங்கினாள். பாட்டிக்கும் கொண்டையில் பூ வைத்தே படுக்கிற பழக்கம் இருந்தது, இல்லையா?

தை மாதம் வருகிறோம், டிக்கெட் போட்டாச்சு. மொட்டை போடும்போது அவள் காதில் பொன்னம்மாள் என்று மூன்று தரம் சொல். வாசலில் நின்று கூப்பிடும்போது லீகா. பைப் ஜோக் இன்னொரு தரம் கேட்டால் அன்றைக்கே கிளம்பிவிடுவேன்.