நடுவர் மேல் கை வைத்தால் வழக்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். 2023 டிசம்பரில் துருக்கியின் அங்காராவில் கால்பந்து ஆட்டம் முடிந்த கையோடு மைதானத்துக்குள் இறங்கி நடுவர் ஹலீல் உமுத் மெலரின் முகத்தில் குத்தியவர் யாரோ ஒரு ரசிகர் இல்லை, அங்கே ஆடிய ஒரு கிளப்பின் தலைவரே. கீழே விழுந்தவரை மற்றவர்கள் உதைக்கவும் செய்தார்கள். லீக்கையே நிறுத்தினார்கள், வழக்கும் நடந்தது. சரி, அங்கே கேமரா இருந்தது. கேமராவே இல்லாத சின்ன மைதானத்தில் பையன்களின் ஆட்டத்துக்கு விசில் ஊதுகிறவருக்கு யார் துணை? 2013-இல் அமெரிக்காவின் யூட்டாவில் எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை காட்டியதற்காக 17 வயது வீரன் விட்ட ஒரே குத்தில் நடுவர் கோமாவுக்குப் போய் இறந்தே போனார். அந்த நாட்டின் பல மாநிலங்களில் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது, எல்லா நாட்டிலும் வரட்டும். விளையாடத் தடை மட்டும் போதாது. போலீஸில் புகார் கொடுப்பதும் வழக்குச் செலவை ஏற்பதும் கால்பந்துச் சங்கத்தின் கடமை என்று சட்டத்திலேயே எழுதுங்கள், அடி வாங்கியவரை அலையவிடாதீர்கள்.